அழைப்பு இருந்தது, வாக்கு இல்லை

1929ஆம் ஆண்டு சென்னையில் ரோட்டரி சங்கம் தொடங்கியது. ஊரின் வணிகர்கள், அதிகாரிகள், வழக்கறிஞர்கள், டாக்டர்கள் வாரம் ஒருமுறை ஒரு மேசையில் கூடுவார்கள், பேசுவார்கள், ஊருக்கு ஏதேனும் நன்மை செய்வார்கள் என்பது ஏற்பாடு. அதே ஆண்டில் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராக இருந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1926இல் சட்டசபைக்கு நியமனம் பெற்று, அடுத்த ஆண்டே துணைத் தலைவரானவர். தொழிலில் தேர்ச்சி, பொதுக் காரியத்தில் நாட்டம், ஊர் மதிக்கும் பெயர் ஆகிய மூன்றையும்தான் ரோட்டரி தன் உறுப்பினரிடம் எதிர்பார்த்தது. மூன்றும் அவரிடம் இருந்தன. ஆனாலும் அவர் அந்தச் சங்கத்தில் சேர முடியாது. உறுப்பினர் ஆணாக இருக்க வேண்டும் என்று அமைப்பு விதி சொன்னது. சட்டம் இயற்றும் அவையை நடத்த முடிந்த ஒருவருக்கு, வாரக் கூட்டத்தில் உறுப்பினராக உட்கார உரிமை இல்லை.

இன்று ஜூலை பிறந்தால் தமிழ்நாட்டின் நகரங்களில் ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) சங்கங்களின் பதவியேற்பு விழா அழைப்பிதழ்கள் வரத் தொடங்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற வரிசையில் பெண்களின் பெயர்களைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. சில ஊர்களில் முழுக்கப் பெண்களே உறுப்பினர்களாக உள்ள சங்கங்களும் இருக்கின்றன. பெயருக்கு முன்னால் 'ரொட்டேரியன்' என்றோ 'அரிமா' என்றோ போட்டுக்கொள்ளும் உரிமை கணவருக்கும் மனைவிக்கும் தனித்தனியே உண்டு.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையே நடந்ததைப் பெண்கள் சேவைக்கு வந்த கதை என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. அது சரியல்ல. சேவைக்குப் பெண்கள் எப்போதும் அழைக்கப்பட்டார்கள். பல இடங்களில் அவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அவர்களுக்குக் கிடைக்காமல் இருந்தது வாக்கு. எந்தப் பள்ளிக்குப் பணம் போகும், எந்த முகாம் நடக்கும், அடுத்த தலைவர் யார் என்று முடிவுசெய்யும் இடத்தில் கை தூக்கும் உரிமை.

ரோட்டரி பிறந்தது சிகாகோவில், 1905 பிப்ரவரி 23 அன்று. பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் கூடினார்கள். ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, மற்றவர் அலுவலகத்தில் அடுத்த முறை என்று கூட்டம் சுற்றிவந்ததால் அந்தப் பெயர். ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது தொடக்க கால விதி. தொழில் என்றால் ஆண் என்று உலகம் எண்ணிய காலம் அது. ஆகவே ஆண்களின் சங்கமாக அது அமைந்ததை அன்று பலரும் ஒரு குறையாகவே பார்க்கவில்லை. 1915இல் டெட்ராய்ட்டில் கிவானிஸ், 1917இல் லயன்ஸ் என்று அடுத்தடுத்து வந்த சங்கங்களும் இதே அச்சில் வார்க்கப்பட்டன.

ஆனால் சென்னையின் நிலைமை அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. இந்திய மாதர் சங்கம் 1917இல் அடையாறில் தொடங்கியது. அன்னி பெசன்ட்டும் மார்கரெட் கசின்ஸும் டோரதி ஜினராஜதாசாவும் அதற்கு முன்னின்றார்கள். அது ரோட்டரி சென்னைக்கு வருவதற்கு 12 ஆண்டு முன்பு. 1930இல் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. 1937இல் துர்காபாய் தேஷ்முக் ஆந்திர மகிளா சபாவை இதே ஊரில் நிறுவினார். கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற அமைப்பை வளர்த்தெடுத்த மேரி கிளப்வாலா ஜாதவ், 1952இல் சென்னை சமூகப் பணிப் பள்ளிக்கு அடித்தளம் இட்டார். 1956இல் நகரத்தின் ஷெரிப் ஆனார். பணம் திரட்டுவது, கட்டடம் எழுப்புவது, கணக்கு வைப்பது, அரசாங்கத்தோடு வாதாடுவது ஆகிய எல்லாவற்றையும் பெண்கள் செய்துகொண்டிருந்த ஊரில்தான், பெண்களைச் சேர்க்காத சேவைச் சங்கங்கள் மரியாதையோடு இயங்கின.

சங்கத்துக்குள் இடமில்லாத பெண்களுக்குச் சங்கத்தின் அருகே ஓர் இடம் தரப்பட்டது. அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டு மாநாட்டுக்குச் சிறப்பு ரயிலில் போன குழுவில் ஆன் என்ற பெயருள்ள மனைவி ஒருவர் இருந்தார். அவரை விளையாட்டாக 'ரோட்டரி ஆன்' என்று அழைக்கப்போய், உலகெங்கும் உள்ள ரோட்டரி மனைவிகள் எல்லோரும் 'ஆன்ஸ்' ஆனார்கள். நம் ஊரில் பிள்ளைகளுக்கும் 'ஆனட்ஸ்' என்று பெயர் வந்தது. கணவர் டாக்டரோ மில் முதலாளியோ, அவரவர் தொழிலால் அறியப்பட்டார். மனைவி வக்கீலாகவே இருந்தாலும் அங்கே ஆன்தான்.

இங்கிலாந்தில் பெண்கள் இதைவிடச் சற்று உறுதியாக நடந்துகொண்டார்கள். முதல் உலகப் போரில் மான்செஸ்டர் ரோட்டரி உறுப்பினர்களின் மனைவிகள் மருத்துவமனைகளில் உதவிசெய்து பழகியிருந்தார்கள். போர் முடிந்த பிறகும் அந்தக் கூட்டுறவைக் கலைக்க அவர்களுக்கு மனமில்லை. செவிலியராகப் பணிபுரிந்து, பின்னர் சொந்தத் தொழில் நடத்திய மார்கரெட் கோல்டிங் 1923 நவம்பரில் ஒரு கூட்டம் கூட்டினார். 27 பேர் வந்தார்கள். கூடுவதற்குக் கிடைத்த இடம் ஒரு துருக்கிக் குளியல் நிலையம். 1924 ஜனவரி 10 அன்று இன்னர் வீல் என்ற பெயரில் சங்கம் முறையாக அமைந்தது. இந்தியாவின் முதல் இன்னர் வீல் 1955இல் பரோடாவில் வந்தது. ரோட்டரியின் சக்கரத்துக்குள் ஒரு சிறு சக்கரம் என்பது அதன் சின்னம். ஆனால் அந்தச் சிறு சக்கரத்துக்குச் சொந்தத் தலைவர், சொந்தப் பொருளாளர், சொந்த வங்கிக் கணக்கு இருந்தன.

அந்தக் காலத்துச் சங்க விழா ஒன்றை நினைத்துப் பார்த்தால் உழைப்பு எப்படிப் பிரிந்திருந்தது என்பது விளங்கும். இறைவணக்கம் பாடுவது ஒரு ஆன். குத்துவிளக்கு ஏற்றுவது தலைவரின் மனைவி. தையல் இயந்திரம் பெற வந்த ஏழைப் பெண்களை வரிசையில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பதும் ஆன்கள்தான். நிதி திரட்ட நடக்கும் கண்காட்சியில் கடை போடுவதும் சாமான் விற்பதும் அவர்கள் பொறுப்பு. திரண்ட தொகை சங்கத்தின் கணக்கில் சேரும். அது எங்கே போக வேண்டும் என்பதை நிர்வாகக் குழு முடிவுசெய்யும். காசோலையில் கையெழுத்து பொருளாளருடையது. விழா முடிவில் நன்றியுரையில், மகளிரின் ஒத்துழைப்புக்கு ஒரு வரி இருக்கும்.

இது நியாயமில்லை என்று பட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், சங்கத்துக்குள்ளேயே இருந்தார்கள். நம் பக்கத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. ரோட்டரியின் விதிகளைத் திருத்தும் சட்டக் குழுவின் முன், 'ஆண்' என்ற சொல்லை அமைப்பு விதியிலிருந்து நீக்கலாம் என்ற திருத்தத்தை 1950இலேயே கொண்டுவந்தது இந்தியாவைச் சேர்ந்த ஒரு சங்கம். 1964இல் இலங்கையைச் சேர்ந்த ஒரு சங்கம், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அனுமதி கேட்டு முன்மொழிந்தது. முதலாவது நிறைவேறவில்லை. இரண்டாவதைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். அந்த ஆண்டில் இலங்கையின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, உலகின் முதல் பெண் பிரதமர். கொழும்பில் ஒரு நாட்டின் அரசாங்கத்தை நடத்தியவருக்குத் தன் ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் சிறப்பு விருந்தினராகப் பேச முடியும். பேசி முடித்ததும் நடக்கும் வாக்கெடுப்பில் பங்கு கிடையாது.

மேலை நாட்டின் முற்போக்கு மெல்ல மெல்லக் கீழை நாடுகளுக்கு வந்தது என்ற வழக்கமான கதைக்கு இந்த இரண்டு ஆண்டுகளும் பொருந்துவதில்லை. பிற்பாடு இந்த விதியைப் பற்றி நடந்த வழக்கில், தலைமையகமான ரோட்டரி இண்டர்நேஷனலின் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, ஆண்கள் மட்டும் என்ற விதி இருப்பதால்தான் பலவகைப் பண்பாடும் வழக்கமும் உள்ள வெளிநாடுகளில் இயங்க முடிகிறது என்பது. அந்த வெளிநாடுகளில் இரண்டு, விதியை மாற்றுங்கள் என்று முன்னமே கேட்டிருந்தன.

இன்னொரு முரணும் அன்று இருந்தது. இளைஞர்களுக்காக ரோட்டரி நடத்திய இண்டராக்ட், ரோட்டராக்ட் அமைப்புகளில் பெண்கள் சேரலாம். 14 வயதில் இண்டராக்ட்டில் நுழைந்து, கல்லூரியில் ரோட்டராக்ட் தலைவியாகி, ரத்ததான முகாம்களை நடத்திப் பழகிய ஒரு பெண், 28 வயது முடிந்ததும் நின்றுவிட வேண்டும். அவளோடு வளர்ந்த பையனுக்கு அடுத்த படி ரோட்டரி. அவளுக்கு அடுத்த படி, ஒரு ரோட்டரி உறுப்பினரைத் திருமணம் செய்துகொண்டு ஆன் ஆவது.

கதவு திறந்த விதம் உயர்ந்த கொள்கையிலிருந்து தொடங்கவில்லை. ஆள் பற்றாக்குறையிலிருந்து தொடங்கியது. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே டுவார்ட்டே என்ற சிற்றூர். அங்கிருந்த ரோட்டரி சங்கத்தில் உறுப்பினர் எண்ணிக்கை தேய்ந்துகொண்டிருந்தது. 1977இல் அது டோனா போகார்ட், மேரி லூ எலியட், ரோஸ்மேரி ஃப்ரைடாக் என்ற மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1978 மார்ச்சில் தலைமையகம் அந்தச் சங்கத்தின் உறுப்புரிமையை ரத்து செய்தது. அவர்கள் கலைந்துவிடவில்லை, 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று தங்களை அழைத்துக்கொண்டு வாரந்தோறும் கூடினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். கலிபோர்னியாவின் கீழ் நீதிமன்றம் தலைமையகத்தின் பக்கம் நின்றது. 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே எழுந்த கேள்வி எளிமையானது. யாரோடு பழகுவது என்பது மனிதனின் சொந்த உரிமை. சங்கம் அப்படிப்பட்ட நெருங்கிய உறவா? நீதிமன்றம் சங்கத்தின் விதிகளையும் வழக்கத்தையும் எடுத்துப் பார்த்தது. ஒரு சங்கத்தில் 20 பேரும் இருக்கலாம், 900 பேரும் இருக்கலாம். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் வெளியேறிப் புதியவர் வருகிறார்கள். வெளியூர் உறுப்பினர் எந்தக் கூட்டத்துக்கும் வரலாம். பல பணிகள் பிறர் முன்னிலையில் நடக்கின்றன. இது குடும்பம் போன்ற உறவு இல்லை என்று 1987 மே 4 அன்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பில் பங்கெடுத்த 7 நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அந்த நீதிமன்றத்தின் ஒரே பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானர் வழக்கில் பங்கெடுக்கவில்லை. ஆகவே பெண்களைச் சங்கத்துக்குள் விட்ட தீர்ப்பில் கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் ஆண்கள்.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஆண்களை மட்டும் முழு உறுப்பினராகச் சேர்த்துவந்த ஜேசீஸ் என்ற அமைப்பின் மீது இதே போன்ற தீர்ப்பு 1984இலேயே வந்து, அது பெண்களைச் சேர்த்திருந்தது. 1987 ஜூலையில் லயன்ஸ் தன் தைபே மாநாட்டில் வாக்கெடுப்பு நடத்திப் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. கிவானிஸ் அதே மாதத்தில் அதையே செய்தது. மீண்டும் சேர்க்கப்பட்ட டுவார்ட்டே சங்கத்தில் பள்ளித் தலைமையாசிரியரான சில்வியா விட்லாக் 1987இல் தலைவரானார். ரோட்டரி சங்கம் ஒன்றின் முதல் பெண் தலைவர் அவர்தான். 1989 ஜனவரியில் சிங்கப்பூரில் கூடிய ரோட்டரி சட்டக் குழு, அமைப்பு விதியை உலகம் முழுமைக்கும் திருத்தியது. சிகாகோவில் தொடங்கி 84 ஆண்டு. இந்தியச் சங்கம் கேட்டு 39 ஆண்டு. இலங்கைச் சங்கம் கேட்டு 25 ஆண்டு.

அதே 1989இல் தமிழ்நாட்டில் வேறொன்றும் தொடங்கியது. தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மரத்தடியில் வாரக் கூட்டம், வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சந்தா, வங்கிக் கணக்கு, சுழற்சி முறையில் ஊக்குநர் பொறுப்பு என்று ஒரு சங்கத்துக்கு வேண்டிய அத்தனை உறுப்புகளும் அதில் இருந்தன. படித்த நகரத்தின் ஹோட்டல் அறையில் பெண்ணுக்கு முதல் நாற்காலி போடப்பட்ட ஆண்டில், கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் தீர்மானங்களில் தாங்களே கையெழுத்திட்டார்கள்.

இனி எண்களைப் பார்க்கலாம். 1990 ஜூன் மாதத்தில் உலகம் முழுவதும் 20,200 பெண்கள் ரோட்டரியில் இருந்தார்கள். 100 உறுப்பினருக்கு ஏறத்தாழ 2 பேர். இன்று 4 பேரில் ஒருவர் பெண். மாவட்ட ஆளுநர் பொறுப்புக்கு 1995 ஜூலையில் முதன்முதலாக 8 பெண்கள் வந்தார்கள். இயக்குநர் குழுவுக்கு ஒரு பெண் வர 2008 ஆனது. உலகத் தலைவராகக் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் 2022 ஜூலை 1 அன்று பொறுப்பேற்றார். அவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகியவர் கொல்கத்தாவின் சேகர் மேத்தா. 2024இல் அமெரிக்காவின் ஸ்டெஃபனி உர்ச்சிக் இரண்டாவது பெண் தலைவரானார். கிவானிஸ் தன் முதல் பெண் தலைவரைத் தேர்ந்தெடுக்க 99 ஆண்டும், லயன்ஸ் 101 ஆண்டும், ரோட்டரி 117 ஆண்டும் எடுத்துக்கொண்டன. உறுப்பினராவதற்கும் தலைவராவதற்கும் இடையே மட்டும் ஏறக்குறைய ஒரு தலைமுறை கழிந்தது.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. 1982இல் உலகின் 157 நாடுகளில் 19,788 ரோட்டரி சங்கங்கள் இருந்தன. உறுப்பினர் சுமார் 9 லட்சத்து 7 ஆயிரம் பேர், பொதுவாகச் சொன்னால் அத்தனை பேரும் ஆண்கள். இன்று மொத்தம் ஏறத்தாழ 12 லட்சம். அதில் கால் பங்கு பெண்கள் என்றால் 3 லட்சம் பேர் வருகிறார்கள். மீதி ஆண்கள் 9 லட்சம். உலக மக்கள்தொகை எவ்வளவோ பெருகிய 40 ஆண்டுகளில், சங்கத்தின் ஆண் உறுப்பினர் எண்ணிக்கை இருந்த இடத்திலேயே நிற்கிறது. கூடியது முழுக்கப் பெண்களால் கூடியது. அவர்கள் வந்தால் சங்கத்தின் தன்மை கெட்டுவிடும் என்று 1980களில் அஞ்சியவர்கள் இருந்தார்கள். அவர்கள் வராமல் இருந்திருந்தால் வளர்ச்சி என்று சொல்ல அந்த அமைப்புக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் கால் பங்கு என்பது கால் பங்குதான். 2023 ஜூனுக்குள் உறுப்பினரிலும் பொறுப்புகளிலும் பெண்களின் பங்கை 30 சதவீதமாக உயர்த்துவது என்று ரோட்டரியின் இயக்குநர் குழு இலக்கு வைத்தது. அந்த நாள் வந்தது, இலக்கு எட்டப்படவில்லை. இந்தியாவின் நிலை உலகச் சராசரிக்கும் கீழே. இங்கே தமிழ்நாட்டின் உள்ளாட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. 2016இல் தமிழக அரசு அதைப் பாதியாக உயர்த்தியது. கிராம ஊராட்சியில் 100க்கு 50. நகரத்துச் சேவைச் சங்கத்தில் 25க்கும் குறைவு. ஒன்றைச் சட்டம் செய்தது, மற்றதை மனிதர்களின் விருப்பத்துக்கு விட்டார்கள் என்பதே வேறுபாடு. ஆனால் இளையோர் அமைப்பான ரோட்டராக்ட்டில் பெண்கள் ஏறக்குறைய பாதி. 28 வயதோடு நிற்க வேண்டும் என்ற வயது வரம்பும் இப்போது இல்லை. அந்தப் பாதி, பெரியவர்களின் சங்கத்துக்கு வரும்போது கால் பங்காகச் சுருங்குவது ஏன் என்பதற்கு விடை விதிப் புத்தகத்தில் இல்லை. கூட்ட நேரத்தில் இருக்கிறது.

நம் ஊர்களில் சங்கக் கூட்டம் பெரும்பாலும் இரவு ஏழரைக்கு மேல். தீர்மானங்கள் முடிய ஒன்பது. அதன் பிறகு 'ஃபெலோஷிப்'. சங்கத்தோடு பழக்கமுள்ள எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும்: சாப்பாடு, பல இடங்களில் அதற்கு முன் மது. முறையான கூட்டத்தில் எடுக்காத முடிவுகள் அங்கே எடுக்கப்படும். அடுத்த ஆண்டுத் தலைவர் யார் என்ற பேச்சு அங்கேதான் கனியும். பெண் உறுப்பினர்களில் பலர் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் பிள்ளையின் பரீட்சை இருக்கும், மாமியாரின் மாத்திரை இருக்கும், திரும்பிப் போகும் சாலையைப் பற்றிய யோசனையும் இருக்கும். கணவருக்கு இவை இருப்பதில்லை, அல்லது இருப்பதாக அவர் எண்ணுவதில்லை. அன்று அமைப்பு விதி வெளியே நிறுத்தியது. இன்று கடிகாரம் அந்த வேலையைச் செய்கிறது.

இதிலும் மாறுதல் உண்டு. முன்பு வாரம் ஒரு கூட்டம் கட்டாயம். 60 சதவீத வருகை வேண்டும், தவறினால் இன்னொரு சங்கத்தின் கூட்டத்துக்குப் போய் ஈடுகட்ட வேண்டும். 2016இல் ரோட்டரி இந்தப் பிடியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்றது. இணையவழிச் சங்கங்கள் வந்தன. லயன்ஸ் அமைப்பில் ஒரே குடும்பத்தின் இரண்டாம் உறுப்பினருக்குப் பன்னாட்டுச் சந்தாவில் பாதி போதும் என்ற சலுகை வந்தது. அதனால் பெண்களின் எண்ணிக்கை கூடியது உண்மை. அப்படிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கூட்டத்துக்கு வருகிறார்கள், எத்தனை பேர் பட்டியலில் மட்டும் இருக்கிறார்கள் என்பதை அந்தந்தச் சங்கத்தின் வருகைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

களத்தில் அன்றும் இன்றும் மாறாத ஒன்று இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அதன் கிராம முகாம்களை நடத்தித் தர உள்ளூர் அரிமா, ரோட்டரி சங்கங்கள் முன்வந்தன. இடம் பிடிப்பது, விளம்பரம் செய்வது, வருவோரைக் கவனிப்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. முகாமின் வாசலில் சங்கத்தின் பேனர் கட்டியிருக்கும். உள்ளே பார்வை சோதித்து, கண் அழுத்தம் பார்த்து, பாட்டியின் கையைப் பிடித்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோவது, பிளஸ் டூ முடித்து மருத்துவமனையில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். போலியோ சொட்டு மருந்திலும் இதே பிரிவினைதான். ரோட்டரி உலகெங்கும் அதற்காகத் திரட்டிய நிதியும் காட்டிய விடாப்பிடியும் பெரியவை. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ இல்லாத பகுதி என்று சான்று பெற்றதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்து, வராத வீடுகளைத் திங்கட்கிழமை தேடிப்போனவர்கள் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும்தான். நிழற்படத்தில் பேனரைப் பிடித்து நின்றவர்களில் அவர்கள் குறைவு.

பெற்றதைச் சொன்னால் இழந்ததையும் சொல்ல வேண்டும். தனி அறை ஒன்று தரும் பயிற்சி வேறு. இன்னர் வீலில் தலைவரும் பெண், செயலாளரும் பெண், கணக்கில் பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் பெண். மைக் முன் முதன்முதலாகப் பேசியவர்கள், அறிக்கை எழுதக் கற்றவர்கள், சக பெண்களின் எதிர்ப்பைச் சமாளித்துத் தீர்மானம் நிறைவேற்றியவர்கள் அங்கே உருவானார்கள். லயன்ஸ் அமைப்பின் பெண்கள் பிரிவான 'லயனஸ்' சங்கங்களுக்கும் அந்தப் பெருமை உண்டு. பொதுச் சங்கத்தில் சேர்ந்த பெண்ணுக்கு உறுப்புரிமை முழுமையாகக் கிடைத்தது. ஆனால் 40 ஆண்களுக்கு நடுவே 8 பேராக இருக்கும்போது, மகளிர் தினக் கூட்டத்தின் பொறுப்பும் விருந்தின் பொறுப்பும் அவர்களைத் தேடி வருகின்றன. இன்னர் வீல் மறைந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்களோடு அது நடக்கிறது. இந்தியா அதன் பெரும் பலம். ரோட்டரியின் கதவு திறந்த பிறகும் இத்தனை பெண்கள் அந்தத் தனி அறையை விட்டு வராததைப் பழமைப் பற்று என்று தள்ளிவிடுவது சரியாகாது. தலைமை தாங்கும் வாய்ப்பு எங்கே அதிகம் என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்கலாம்.

ஆண்களும் ஒன்றை இழந்தார்கள். வாரம் ஒருநாள் தொழிலையும் வீட்டையும் மறந்து, ஒத்த வயதினரோடு கூச்சமின்றிப் பேசும் இடமாகப் பழைய சங்கம் இருந்தது. அந்தத் தோழமை பொய்யில்லை. கடன்பட்ட நண்பனை அது தூக்கிவிட்டிருக்கிறது, மகளின் திருமணத்தை நடத்திக் கொடுத்திருக்கிறது. பழைய உறுப்பினர்கள் அதை நினைத்து ஏங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த இடம் ஊரின் பணத்தைத் திரட்டியது, ஊரின் பெயரால் முடிவெடுத்தது, கலெக்டரோடும் வங்கி மேலாளரோடும் பழக்கம் தந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அடைத்த கதவுக்குப் பின்னால் அதைச் செய்ய முடியாது என்பதுதான் 1987இல் வந்த விடை. தோழமைக்கு வேறு இடங்கள் உண்டு.

ஆக, அன்றைய சங்கம் பெண்ணின் உழைப்பை எடுத்துக்கொண்டு வாக்கை மறுத்தது. இன்றைய சங்கம் வாக்கைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் நேரத்தை இரவு ஒன்பதுக்கு மேல் வைத்திருக்கிறது. முன்னதைத் திருத்த நீதிமன்றம் தேவைப்பட்டது. பின்னதைத் திருத்த ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவே போதும்: கூட்டத்தை மாலை ஆறுக்கு மாற்றுவது, முடிவுகளைக் கூட்டத்துக்குள்ளேயே எடுப்பது, அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுப்பது. இவற்றுக்கு அமைப்பு விதியில் எந்தத் தடையும் இல்லை. சங்கத்தில் இருக்கும் வாசகர்கள் வரும் ஜூலையில் பதவியேற்பு அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். இறைவணக்கத்துக்கும் வரவேற்புக்கும் நேராக மட்டும் பெண் பெயர்கள் இருந்தால், உங்கள் சங்கம் இன்னும் 1989க்கு வந்து சேரவில்லை.